குடத்தடியில் ஒரு கை தண்ணீர்

அக்கா,

இன்று காலை நம் ஊர்க் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிவிட்டுப் போனார்கள். காக்கிச் சட்டை போட்ட இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் வயிற்றாலே போகிறதாம். வாளியில் வெள்ளையாகக் கலக்கி, கயிற்றில் இறக்கி, கிணற்றுக்குள் கவிழ்த்தார்கள். நாளைக் காலை வரை யாரும் இறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்கு மிதித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்காரும் நெடி அது. மற்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் வெறுங்குடத்தோடு கிணற்றடியிலேயே நின்றேன். அது உன் கையின் வாசம். கடலோரத்து அக்காள்மடம் ஊரில் நாம் இருந்த குடிசையில் களித் தட்டுக்கு நீ கையை நீட்டும்போதெல்லாம் இந்த நெடிதான் முதலில் வரும். "தள்ளிப் போயி உக்காருடி, களி உள்ள எறங்க மாட்டேங்குது" என்று ஆத்தா திட்டுவாள். நீ வேண்டுமென்றே அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிவிட்டு, "மோந்து பாரு ஆத்தா, கவருமெண்டு வாசம்" என்பாய்.

உன்னிடம் பேசி இரண்டு ஆடி முடிந்துவிட்டது. இருந்தபோதும் நான் பேசியது குறைவுதான். நீ பேசுவாய், நான் கேட்பேன். இன்றைக்கு நான் பேசுகிறேன்.

மழை பொய்த்த வருஷம் நினைவிருக்கிறதா? கமுதிப் பக்கத்துக் கண்மாய்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. நீ ஏற்கெனவே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாய். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். அய்யா மாட்டை விற்றுவிட்டு, சொந்தக்காரர் ஒருவர் சொன்னாரென்று, நம்மைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறினார். பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது ஆத்தா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நீ சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஆத்தா, கீழ தரையே இல்ல" என்று சொல்லி அவளை இன்னும் பயமுறுத்தினாய்.

அக்காள்மடத்தில் அய்யாவுக்கு ரோட்டுக்குக் கல் உடைக்கும் வேலை கிடைத்தது. நமக்கு ஒரு ஓலைக் குடிசை. அங்கே நமக்கு எல்லாவற்றையும்விட அதிசயமாக இருந்தது தண்ணீர். கடல் அந்தப் பக்கம் இரைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் மணலைக் கையால் பறித்தால் குடிக்கிற தண்ணீர் ஊறும். ஊத்து என்பார்கள். அய்யா முதல் நாள் தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடித்துவிட்டு, லேசாகக் கரிக்கிறது என்று உதட்டைச் சப்பினார். பிறகு, "நம்ம ஊருல ஆளுயரத்துக்குத் தோண்டியும் வரல. இங்கன கடலுக்குப் பக்கத்துல சும்மா வருது" என்று சிரித்தார். அவர் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஆனால் ஊத்து பொறுமையாகத்தான் கொடுக்கும். அவசரப்பட்டு மொண்டால் மணல் சரிந்து கலங்கிவிடும். சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, குடம் நிறைய வேண்டுமானால் பாதிக் காலை போய்விடும். அது என் வேலை. அதனால் வீட்டுக் குடம் எப்போதும் கொஞ்சம் குறையும், கொஞ்சம் நிறையும். முழுக்க வற்ற ஆத்தா விட்டதே இல்லை. அது நம் ஊரிலும் அவள் வழக்கம்தானே. குதிரில் இருக்கும் தானியத்தைத் துடைத்து அள்ள மாட்டாள், அடியில் ஒரு கை தானியம் கிடக்க வேண்டும். குடமும் அப்படித்தான். அடியில் ஒரு கை பழைய தண்ணீர் கிடக்கும், அதன் மேல்தான் புதுத் தண்ணீர் ஊற்றுவாள். மழை இல்லாமல் ஊரைவிட்டு வந்த பிறகு இந்த வழக்கம் அவளிடம் இன்னும் இறுகிவிட்டது. வெறுங்குடத்தைப் பார்த்தாலே முகம் மாறிவிடும்.

ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடும் கூட்டம் வருவதற்கு முன்னால், ரோட்டோரத்து ஓட்டு வீட்டை வாடகைக்கு எடுத்து, தண்ணீர் சோதிக்கும் ஒரு லேப் வைத்தார்கள். மதுரையிலிருந்து ஒருவர் பெட்டி பெட்டியாகக் கண்ணாடிச் சாமான்களோடு வந்தார். ஒல்லியான மனிதர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. லேப் சார் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். சாமானைப் பிளீச்சிங் தண்ணீரில் கழுவ ஒரு பெண் வேண்டும் என்றார். அந்த வீட்டில் பூச்சி வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தில் யாரும் போகவில்லை. நீ போனாய்.

முதல் நாள் சாயங்காலம் நீ வந்து சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"ஆத்தா, எனக்கு என்ன வேலைன்னு தெரியுமா? சமையக்காரி வேலை."

"யாருக்குடி சமைக்கிற?"

"கிருமிக்கு. ஆட்டுக்கறியை வேகவச்சு, சாறை வடிகட்டி, உப்புப் போட்டு, சின்னச் சின்னக் குழாயில ஊத்தி வைக்கணும். நமக்குக் கேப்பைக்களி. அதுகளுக்குக் கறிச்சாறு. அடுத்த பிறவியில கிருமியாப் பெறக்கணும் ஆத்தா."

"வாயைக் கழுவுடி" என்றாள் ஆத்தா. அய்யா களியை விழுங்க முடியாமல் சிரித்தார்.

கண்ணாடித் தட்டுகளில் உறைகிற கூழ் ஒன்று ஊற்றுவார்களாமே, அதன் மேல் கிருமி புள்ளி புள்ளியாக முளைக்குமாமே, அதையும் நீதான் சொன்னாய். "அது வேற ஒண்ணுமில்லடி, இந்தக் கரையில அள்ளிக் கஞ்சி காய்ச்சுறாங்கள்ல, அந்தப் பாசி மாதிரிதான். டப்பாவுல அடைச்சு வந்தா துரை ஆயிருது" என்றாய். அக்கம்பக்கத்தில் உனக்குப் பூச்சிவீட்டுக்காரி என்று பெயர் வைத்தார்கள். தெருவில் போகும்போது ஒதுங்கினார்கள். உனக்கு அது விளையாட்டாக இருந்தது. நான்தான் உன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

பிறகு ஒரு காலையில் நீ விளையாட்டில்லாமல் பேசினாய். ஊத்துக்கு நீயும் என்னோடு வந்திருந்தாய். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊறட்டும் என்று குழியின் இரண்டு பக்கமும் நாம் குந்தியிருந்தோம். முந்தின நாள் லேப் சார் உன்னை மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டாராம்.

"காலராப் பூச்சியைக் காட்டுனாருடி. அவரு ஒப்பிட்டுப் பாக்குறதுக்குன்னு ஒரு குழாயில வச்சிருக்காரு. கமா போடுவாங்கள்ல, அந்த மாதிரி வளைஞ்சு இருக்கு. எல்லாம் ஓடுது. நெல்லு காயப்போட்ட இடத்துல எறும்பு ஓடும்ல, அப்படி. ஒண்ணு மட்டும் ஓரத்துல ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அதையே பாருன்னாரு."

நீ சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மொள்ளாமல் இருந்தாய்.

"நீளுதுடி. பருக்கல. தடிமன் அப்படியே இருக்கு, நீளம் மட்டும் கூடுது. பாத்துக்கிட்டே இருந்தா தெரியல. நெழலு நகர்ற மாதிரி. கண்ணைக் கசக்கிட்டுத் திரும்பப் பாத்தா நீண்டுருக்கு. ஒண்ணுக்கு ரெண்டா நீண்டதும் நடுவுல ஒரு இறுக்கம் விழுந்துச்சு. அரணாக்கயிறு கட்டி இறுக்குன மாதிரி. அப்புறம் ரெண்டாப் போச்சு. ரெண்டும் உடனே நீள ஆரம்பிச்சிருச்சு. ஒரு மூச்சு விட்டு நிக்கக்கூட இல்ல."

"எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு உலை சோறு வேகுற நேரம். அந்த நேரத்துல ஒண்ணு ரெண்டு. அடுத்த உலைக்கு ரெண்டு நாலு. நீயே கணக்குப் போட்டுக்க, காலையில ஒண்ணு கெடந்தா பொழுதடையும்போது என்ன ஆகும்னு."

நான் கணக்கில் கெட்டிக்காரி என்பது உனக்குத் தெரியும். மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் தாண்டுவதற்குள்ளேயே பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

"சாருகிட்ட கேட்டேன், இதுல எது ஆத்தா, எது பிள்ளைன்னு. ரெண்டுமே பிள்ளைதாம்மா, ஆத்தான்னு தனியா இல்லைன்னாரு. அது எப்படிடி? செத்தா பொணம்னு ஒண்ணு கெடக்கணும்ல? இதுல பொணமே இல்ல. இருந்தவ அப்படியே ரெண்டு பேராப் போயிட்டா."

குழியில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. நாம் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பசித்தால் சாகாதா என்று கேட்டேன். நீ அதையும் சாரிடம் கேட்டிருந்தாய். குழாயில் சாறு தீர்ந்துவிட்டால் பிரிவதை நிறுத்திவிடுமாம். குறுகி, குட்டையாகி, காத்துக் கிடக்குமாம். பழைய குழாயிலிருந்து கம்பி முனையில் ஒரு துளி எடுத்துப் புதுச் சாற்றில் விட்டால் போதும். உடனே ஒன்றும் நடக்காது. முதலில் எண்ணிக்கை கூடாது, குறுகிக் கிடந்தது தின்று தின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்குக் குழாய் தெளிவாகவே இருக்கும். பிறகுதான் பிரிய ஆரம்பிக்கும். சாயங்காலம் பார்த்தால் கழனித்தண்ணீர் மாதிரி கலங்கிவிடும். "அந்தத் தெளிவா இருக்கிற நேரந்தாண்டி எனக்குப் பயமா இருக்கு" என்றாய். நீ பயமென்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆத்தா குடத்தில் தண்ணீர் ஊற்றினாள். அடியில் பழையது கிடந்தது, மேலே புதியது விழுந்தது. நீ களியை உருட்டிய கையோடு அசையாமல் பார்த்தாய்.

"ஆத்தா, அந்த அடித்தண்ணியக் கொட்டிட்டு ஊத்து."

"எதுக்கு?"

"லேப்புல இப்படித்தான் ஆத்தா வளக்குறாங்க. பழசுல ஒரு துளியப் புதுசுல விட்டு."

"அது பூச்சி வீடு. இது மனுசன் குடியிருக்கிற வீடு. உன் லேப் சாரு பொண்டாட்டிக்குப் போயிச் சொல்லு, குடத்தைத் தொடச்சு வைக்கச் சொல்லி."

அய்யா சிரித்தார். நீயும் சிரித்துவிட்டாய். ஆனால் அன்றிலிருந்து நீ குடத்திலிருந்து மொண்டு குடிக்கவில்லை. என்னையும் ஊத்திலேயே குடிக்கச் சொன்னாய். அதிலும் காய்ச்சிக் குடித்தால் நல்லது என்றாய். காய்ச்ச விறகு ஏது? சுள்ளி பொறுக்கவே ஆத்தா அரை நாள் நடந்தாள்.

அமாவாசைக் கூட்டம் வந்தது. ரயில் ரயிலாக இறங்கினார்கள். ரோட்டோரமெல்லாம் அடுப்பு, மூட்டை, ஆள். கூட்டம் வடிந்த பிறகு வெயில் மட்டும் மிச்சமிருந்தது. ஈ மொய்த்தது. யாரோ ஒரு சாமியார் பேதியாகி மரத்தடியில் கிடந்தார் என்றார்கள், யாரோ ஒரு கிழவி என்றார்கள். உன் லேப்பில் தட்டுகள் அடுக்கடுக்காக ஏறின. நீ பேசுவது குறைந்தது.

அய்யா ஒரு நாள் உச்சிவெயிலில் வேலையிலிருந்து திரும்பிவிட்டார். சம்மட்டியைக் கூடக் கொண்டுவரவில்லை. வாசலில் உட்கார்ந்து, குடத்தில் சொம்பை விட்டு மொண்டு மொண்டு குடித்தார். குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மறுபடி மொண்டார். நீ லேப்பிலிருந்து ஓடிவந்து பார்த்தபோது அவருக்குக் குரல் போயிருந்தது.

நோயாளிகளுக்கென்று ஓலைக் கொட்டகை ஒன்று போட்டிருந்தார்கள். அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். ஆத்தா அவர் தலைமாட்டிலேயே இருந்தாள். நீ அவளைக் கொட்டகைக்கு வெளியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாய்.

"ஆத்தா, அய்யா அந்தக் குடத்துலதான் சொம்ப விட்டாரு. வீட்டுல இருக்கிற தண்ணியெல்லாம் கொட்டிட்டு, குடத்தை வெயில்ல கவுத்தணும்."

ஆத்தா உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கய்யாவுக்கு உசிரு ஊசலாடிக்கிட்டுக் கெடக்கு. இப்பப் போயிக் குடத்தைக் கவுக்கச் சொல்றியே, எப்ப கவுப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? பொணம் வாசலைத் தாண்டுன பெறகுதாண்டி வீட்டுத் தண்ணியக் கொட்டுவாங்க. நீ இப்பவே கொட்டு. எமனுக்கு வீடு தெரியட்டும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. நம் ஊரில் சாவு வீட்டை வெளியிலிருந்து அடையாளம் காண்பது கவிழ்த்த பானையை வைத்துத்தானே.

மறுநாள் காலை ஆத்தா ஒரு சொம்பில் குடத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் நீ என்னைப் பார்த்தாய். நான் எழுந்து குடத்தின் மறுபக்கத்தைப் பிடித்தேன். குடிசைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாய்த்தோம். மணல் ஒரே மூச்சில் குடித்துவிட்டது. அடியில் கிடந்த அந்த ஒரு கை தண்ணீர் கடைசியாக வந்தது. அதில் ஒரு சோற்றுப் பருக்கை ஊறி வெளுத்துக் கிடந்தது. நீ சாம்பலும் மணலும் போட்டுக் குடத்தை உள்ளே கை விட்டுத் தேய்த்தாய். பிறகு வெயிலில் கவிழ்த்தோம். கவிழ்த்த குடத்தைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "குடம்டி அது. வெறும் மண்ணு" என்றாய். ஆனால் நீயும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சேர்த்து வைத்திருந்த சுள்ளியையெல்லாம் எரித்து, புதுத் தண்ணீர் காய்ச்சி, ஆறும் முன்பே ஊற்றி நிறைத்தோம். ஆத்தா வரும்போது குடம் இருந்த இடத்தில் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் மலர்ந்த முகத்தோடு வந்தாள். அய்யா கண் விழித்துவிட்டார், களி கேட்டாராம். "களி கேட்டாரா, இல்ல கறிச்சாறு கேட்டாரா? கிருமி உள்ள இருந்து கேட்டாலும் கேக்கும்" என்று நீ சொல்ல, ஆத்தா முதலில் முறைத்துவிட்டு, பிறகு சிரித்து, சிரித்தபடியே அழுதாள். மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். குடத்திலிருந்து நீயே மொண்டு எனக்கு முன்னால் குடித்தாய். "இப்பக் குடிக்கலாம்" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். எனக்குத் தாகமில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன்.

வெளியே காற்று நின்றிருந்தது. எல்லாம் தெளிவாக இருந்தது, அக்கா.

உனக்கு வந்தது ஒரு விடியற்காலையில். அய்யா கொட்டகையில் எழுந்து உட்காரத் தொடங்கியிருந்தார். உன் விரல் நுனிகள் சுருங்கிப் போயிருந்ததை நாங்கள் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. நாள் முழுக்கக் கண்ணாடி கழுவும் விரல் எப்போதும் ஊறிச் சுருங்கித்தான் இருக்கும். கண் உள்ளே போன பிறகுதான் ஆத்தா அலறினாள். கொட்டகையில் அன்று இடமில்லாத கூட்டம். ஏற்றுகிற தண்ணீர் தீர்ந்துவிட்டது, ரயிலில் வர வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே உன்னைப் படுக்க வைத்து, உப்புப் போட்ட கஞ்சியை நான் கரண்டி கரண்டியாக ஊற்றினேன். ஊற்றியது நிற்கவில்லை.

மத்தியானம் உனக்குக் கொஞ்சம் தெளிவு வந்தது. என்னைக் குனியச் சொன்னாய். குரல் இல்லை, காற்று மட்டும் வந்தது.

"நாமதான் குடத்தைக் கவுத்துட்டமேடி. அப்புறம் எப்படி வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை என்று தலையை ஆட்டினேன். உண்மையிலேயே தெரியவில்லை. நீ யோசித்துக்கொண்டிருந்தாய். கணக்கில் எங்கே விட்டோம் என்று தேடுகிற முகம். அந்த முகத்தோடுதான் போனாய். ரயில் வருவதற்குள் போய்விட்டாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் பக்கத்துக் குடிசைப் பெண்கள் உள்ளே வந்தார்கள். வீட்டில் இருந்த தண்ணீரையெல்லாம் கொட்டினார்கள். சோற்றுப் பானையை வெளியே எறிந்தார்கள். சொம்பு, சட்டி, குடம், ஒன்று விடாமல் கழுவி வெயிலில் கவிழ்த்தார்கள். தரையைச் சாணியும் சாம்பலும் போட்டு மெழுகினார்கள். யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. சாவு விழுந்த வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். நீ கேட்டுக் கேட்டுக் கிடைக்காதது, நீ போன பிறகு ஒரு வார்த்தை கேட்காமல் நடந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் வரவில்லை.

லேப் சார் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். கையில் மூடி போட்ட ஒரு குழாய் வைத்திருந்தார். "குடத்துத் தண்ணி கொஞ்சம் கிடைக்குமா? எங்கிருந்து வந்ததுன்னு பாக்கலாம்" என்று, கொட்டகையிலிருந்து கூட்டி வந்திருந்த அய்யாவிடம் கேட்டார். அய்யா கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களைக் கை காட்டினார். சோதிக்க ஒரு துளி கூட இல்லை. அவர் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "எங்க லேப்புல தட்டு கழுவுற இடத்துலேருந்தே கூட வந்திருக்கலாம். அப்படி இருந்தா அது எம் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, போகாமல் வெகுநேரம் நின்றார்.

அடுத்த மழைக்கு நம் ஊர்க் கண்மாயில் தண்ணீர் வந்தது. திரும்பி வந்துவிட்டோம். இப்போது நெல் நட்டிருக்கிறோம். பயிர் தூர் கட்டும்போது, ஒன்று பலவாகிற அழகைப் பார்த்து அய்யா மகிழ்ந்துபோய்க் கூப்பிடுகிறார். நான் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

போன அறுப்பின்போதுதான் ஆத்தா சொன்னாள். களத்தில் பதர் தூற்றிக்கொண்டிருந்தோம். முகத்தை என் பக்கம் திருப்பாமல் சொன்னாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் குடத்தைத் தொட்டேன். தண்ணி வெதுவெதுன்னு இருந்துச்சு. ரெண்டு பேரும் கொட்டிட்டீகன்னு தெரிஞ்சு போச்சு. உங்கய்யா அப்பத்தான் கண்ணு முழிச்சிருக்காரு. வீட்டுல குடத்தைக் கவுத்து வச்சிருந்துருக்கீக. எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. அவருக்குக் கொண்டுபோன சொம்புல ஒரு வாய்த் தண்ணி மிச்சம் இருந்துச்சு. பழைய தண்ணி கொஞ்சமாச்சும் கெடக்கட்டும்னு அதைக் குடத்துல ஊத்துனேன். நீங்க அடுப்படியில இருந்தீக."

முறம் அவள் கையில் ஆடிக்கொண்டே இருந்தது. பதர் காற்றில் போனது.

அக்கா, நீ தேடிக்கொண்டு போன இடம் அதுவாக இருக்கலாம். அய்யா வாய் வைத்துக் குடித்த சொம்பு. அதன் அடியில் ஒரு வாய்த் தண்ணீர். கொட்டிக் கழுவிக் காய்ச்சி நிறைத்த குடத்தில் அது விழுந்தது. நாம் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அது நீளத் தொடங்கியிருக்கலாம். நான் ஆத்தாவிடம் அப்படிச் சொல்லவில்லை. "யாருக்கும் தெரியாது ஆத்தா. தட்டு கழுவுற இடத்துலேருந்து வந்திருக்கலாம்னு சாரே சொன்னாரு" என்றேன். அதுவும் பொய்யில்லை. சோதிக்காததைச் சொல்லக் கூடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

ஆனால் நான் சொன்ன ஆறுதலை ஆத்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாது என்றால், அவள் ஊற்றியது குற்றமில்லை. குற்றமில்லை என்றால், வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. புழங்குகிற குடங்களை நான் தினமும் கவிழ்க்கிறேன், அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுகிறாள். உள்வீட்டில் இருக்கும் குடிதண்ணீர்க் குடத்தை மட்டும் தொட விடவில்லை. அதன் அடியில் ஒரு கை தண்ணீர் எப்போதும் கிடக்கிறது. அதைக் கொட்டினால் வேறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் என்று நினைக்கிறாளோ என்னவோ. நானும் வற்புறுத்தவில்லை. இன்று காலை அந்த நெடியை மோந்த பிறகுதான், கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பொழுது சாயும் நேரத்தில், வெளிக்குடங்களை வாசல் ஓரத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். உள்குடத்தை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவினேன். எதிர்வீட்டு அத்தை விறகுக் கட்டோடு போனவள் நின்றாள்.

"ஏத்தா, பக்கத்து ஊருல பேதின்னு ஊரே கலங்கிக் கெடக்கு. வெளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல குடத்தைக் கவுத்துறியே. இந்த வீட்டுல யாரு செத்தா?"

நான் தெருவில் தலை நிமிர்த்திப் பேசியதில்லை. உனக்குத் தெரியும். அத்தை பதிலை எதிர்பார்த்துக் கேட்கவும் இல்லை, பாதி திரும்பிவிட்டாள்.

"எங்கக்கா செத்துட்டா அத்தை" என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அத்தை நின்றாள். விறகுக் கட்டை மாற்றிப் பிடித்தாள். வேகமாக நடந்து போய்விட்டாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. கிணற்றுப் பக்கமிருந்து அந்த நெடி மட்டும் வந்துகொண்டிருந்தது.

உள்ளே ஆத்தா கேட்டிருக்கிறாள். நான் இன்னொரு குடத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு இருட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"உள்ள இருக்கிறதையும் எடுத்துட்டுப் போ."

போய் எடுத்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் நீ இல்லை, தனியாகத்தான் இடுப்பில் தூக்கி வைத்தேன். வாசல் வரைக்கும் அது என் விலாவில் இடித்து இடித்து அலம்பிக்கொண்டே வந்தது.